கிடைச்சிடும் அக்காவின் கம்ப்யூட்டர்

பேருந்து நிலையத்துத் தொலைந்த பொருள் அறைக்கு, அக்டோபர் நான்காம் தேதி காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, ஒருவர் தம் சாப்பாட்டு டப்பாவைக் கேட்டு வந்தார். டப்பா அவர் கைக்குக் கிடைக்கப் பத்தொன்பது நிமிடம் நாற்பது விநாடி ஆனது. அவ்வளவு நேரமும் அது அவருக்கு எதிரே, இரண்டாவது தட்டில் மூன்றாவதாக, மூடியில் ஒரு நெளிவோடு உட்கார்ந்திருந்தது.

"அதோ இருக்கே என் டப்பா! கையை நீட்டி எடுத்துக் குடுங்களேன்மா."

"எனக்குத் தெரியுது சார், உங்களுக்கும் தெரியுது. இதுக்கு இன்னும் தெரியலையே!" என்று அறையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கம்ப்யூட்டரைக் காட்டினார். "இது பார்த்துச் சீட்டு அடிச்சாத்தான் நான் எடுக்கலாம். கிடைச்சிடும், செத்த உக்காருங்க."

பதினேழு வருடமாக வருகிறவர் எல்லோரிடமும் அவர் முதலில் சொல்வது அந்தக் "கிடைச்சிடும்"தான். அதனால் நிலையத்தில் டிரைவர், கண்டக்டர், பழக்கடைக்காரர் எல்லோருக்கும் அவர் "கிடைச்சிடும் அக்கா".

நான் அந்த நிலையத்தின் டைம் கீப்பர். எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுவது என் வேலை. என் மேசைக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு கம்பி வலைத் தடுப்பு மட்டுமே உண்டு. அக்கா என்னைவிடப் பதினோரு வயது இளையவர். நான் அவரை "அம்மா" என்பேன். அவர் என்னை "அண்ணே" என்பார். இங்கே எழுதுவது பெரும்பாலும் அந்த வலை வழியாகப் பார்த்ததும் கேட்டதும்தான்.

அவர் நிலையத்துக்கு வந்தது இருபத்து மூன்றாம் வயதில், பேருந்து கூட்டும் வேலைக்கு. ஒரு பேருந்து வந்து திரும்பிப் புறப்படப் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் நாற்பத்தெட்டு இருக்கைகளுக்கு அடியில் குனிந்து நிமிர வேண்டும். மற்றவர்கள் கூட்டினார்கள். இவர் தேடினார். சேர்ந்த குப்பையைக் கொட்டுவதற்கு முன் ஒரு முறை கையால் அளைந்து பார்ப்பார். முதல் ஆண்டில் அவர் ஒருவரே கொண்டுவந்து ஒப்படைத்த பொருட்கள் நானூற்றுப் பதினொன்று. மற்ற எட்டுப் பேரும் சேர்ந்து நூற்று முப்பது. இது என் பதிவேட்டின் பின்பக்கங்களில் இருக்கிறது. ஆறு வருடம் இப்படிப் போனபின், "இந்த அம்மா கண்டுபிடிக்கறதை வாங்கி வைக்கவே ஒரு ஆள் போடணும் போல" என்று அப்போதைய மேனேஜர் அலுத்துக்கொண்டு, அந்த ஆளாக அவரையே போட்டுவிட்டார்.

அறை பத்தடிக்குப் பதினான்கு அடி. மூன்று பக்கமும் இரும்புத் தட்டுகள், நான்காவது பக்கம் ஜன்னல். ஜன்னலுக்கு மேலே விதிப் பலகை. அதில் மொத்தம் ஏழு விதிகள். அக்காவுக்கு உயிர் நான்காவது விதி: உள்ளே வந்த பொருள் உரியவரிடம் அல்லாது வேறெங்கும் போகக்கூடாது. ஒரு தடவை கூடையோடு ஒரு பூனை வந்தது. உரியவர் வருவதற்குள் அது மூன்று குட்டி போட்டுவிட்டது. ஒரு பூனை என்று எழுதிய இடத்தில் அக்கா மேலும் மூன்று எண் போட்டு எழுதி, நான்கு கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார். "எனக்கு ஒண்ணு போதும்மா, மூணை நீங்களே வெச்சுக்கங்க" என்று அந்த மனிதர் கெஞ்சியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அக்காவின் கணவர் கண்ணாடி வெட்டுகிறவர். கடை நிலையத்துக்குப் பின்தெருவில். வாரம் ஒரு முறையாவது ஜன்னலுக்கு வந்து வரிசையில் நிற்பார்.

"என் மூக்குக் கண்ணாடியைக் காணோம்மா."

"எந்த பஸ்ல விட்டீங்க சார்?"

"வீட்டுல."

"அப்போ அது என் டிபார்ட்மென்ட் இல்லை. வீட்டுக்காரம்மாவைக் கேளுங்க."

"அவங்களும் இப்போ வீட்டுல இல்லையே!"

"தலை மேல தடவிப் பாருங்க சார். அடுத்தவங்க வாங்க."

இப்படித்தான் அந்த ஜன்னல். தொலைத்துவிட்டு முகம் வாடி வருகிறவர்கள் திரும்பிப் போகும்போது, பொருளோடு ஒரு சிரிப்பையும் வாங்கிக்கொண்டு போவார்கள். நோட்டுப் புத்தகம் இருந்த காலத்தில் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுக்க அவருக்குச் சராசரியாக ஆனது மூன்று நிமிடம்.

அந்த ஆண்டு ஜனவரி இரண்டாம் தேதி தலைமை அலுவலகம் கம்ப்யூட்டர் அனுப்பியது. அதற்கு முன் பன்னிரண்டு நாள் பயிற்சி. போன ஏழு பேரில் நான்கு பேர் மதியத்துக்குமேல் தூங்கினார்கள் என்று அக்கா சொன்னார். அவர் தூங்கவில்லை. எண்பது பக்க நோட்டு ஒன்றை எழுதி நிரப்பிக்கொண்டு வந்தார். பொருளின் பெயர், நாள், வழித்தட எண், கூடவே ஒரு படம். இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்பது உத்தரவு. அக்கா ஒவ்வொன்றுக்கும் நான்கு படம் எடுத்தார்.

"ஒண்ணு போதும்னுதானே சொல்லியிருக்காங்க?" என்று நான் கேட்டேன்.

"குடைக்கு முன்னாடி எது, பின்னாடி எது? ஒரு பக்கம் மட்டும் பார்த்து இது என்னோடதுன்னு யார்ணே சொல்ல முடியும்?"

முதல் நான்கு மாதம் கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடியது. தட்டினால் படம் வந்து நிற்கும்; அக்கா உள்ளே போய் எடுத்து வருவார். மே மாதம் அது தயங்க ஆரம்பித்தது. ஆகஸ்டில் நொண்டியது. அக்டோபரில், காலை எட்டரைக்கு ஆன் செய்தால் மதியம் வரை எதைத் தட்டினாலும் திரையில் ஒரு நீல வளையம் சுற்றிக்கொண்டே இருக்கும். பெட்டிக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம். பெட்டியின் முகப்பில் கடுகளவு ஆரஞ்சு விளக்கு ஒன்று உண்டு. நல்ல நாளில் அது எப்போதாவது கண் சிமிட்டும். இப்போது சிமிட்டவே இல்லை. ஒரே எரிச்சலாக எரிந்தது.

மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். காதைப் பெட்டியில் வைத்துக் கேட்டார்.

"இது ஹார்ட் டிஸ்க் சத்தம்மா. உள்ளே ஒரு தட்டு சுத்தும், அது மேல ஒரு முள் ஓடும். எதைப் படிக்கணும்னாலும் அந்த முள்தான் அங்கே போகணும். ஒரே கண்டக்டரை மூணு பஸ்ஸுக்கு டிக்கெட் போடச் சொன்னா என்ன ஆகும்? அதுதான் இங்கே நடக்குது. நீங்க டப்பாவைத் தேடச் சொல்றீங்க. வைரஸ் பார்க்கிற புரோகிராம் ஒண்ணு காலையில ஆன் பண்ணினதும் எல்லா ஃபைலையும் ஒண்ணொண்ணா சோதிக்குது. முள் பாவம், இங்கேயும் அங்கேயும் ஓடுது."

"அப்படி எவ்வளவுதான் சோதிக்கும்? இருக்கறதே கொஞ்சம் படம்தானே?"

"அதெல்லாம் உக்காந்து பார்க்க எனக்கு நேரமில்லைம்மா. புது மெஷின் கேளுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புது மெஷின் கேட்டு மேனேஜர் எழுதினார். அக்டோபர் ஆறாம் தேதி பதில் வந்தது. ஆனால் அது மெஷினைப் பற்றியது இல்லை. ஒருவருக்குப் பொருளைத் திருப்பித் தர ஐந்து நிமிடத்துக்குமேல் ஆகக்கூடாது என்று விதி இருக்க, இந்த நிலையத்தில் சராசரி பதினெட்டு நிமிடம் ஆவதாகப் புகார்கள் வந்துள்ளன. பதினான்காம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து நேரம் பார்ப்பார். அன்றும் இப்படியே இருந்தால் அறை மூடப்படும். பொருட்கள் எழுபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி உள்ள மத்தியக் கிடங்குக்குப் போகும். அறையைக் கவனிப்பவர் பழைய வேலைக்குத் திரும்புவார்.

மேனேஜர் அதைப் படித்துக் காட்டியபோது அக்கா தம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எழுபத்திரண்டு கிலோமீட்டரா? ஒரு டப்பாவுக்காக யாராவது அவ்வளவு தூரம் போவாங்களா சார்? போக மாட்டாங்க. விட்டுடுவாங்க."

"நான் என்னம்மா பண்றது? மெஷினை வேகமா ஓடச் சொல்லு."

"அதுகிட்டே நீங்க சொல்லிப் பாருங்க. நான் சொன்னா வளையத்தைக் காட்டுது."

அடுத்த ஒரு வாரம் அக்கா என்னென்னவோ செய்தார். கம்ப்யூட்டருக்கு அடியில் பலகை வைத்துப் பார்த்தார். மின்விசிறியை அதன் பக்கம் திருப்பினார். காலை எட்டரைக்குப் பதில் ஏழரைக்கே வந்து ஆன் செய்து பார்த்தார். அப்போதும் விளக்கு அணைய மதியம் ஆனது. நோட்டுக் காலத்தில் தட்டின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நின்றாலே பொருள் எங்கே என்று சொல்கிறவர், வரிசையில் நிற்பவர்களுக்கு ஸ்டூல் தேடிக்கொண்டிருந்தார். கணவர் கூட அந்த வாரம் கண்ணாடியைத் தொலைக்கவில்லை.

எனக்கு எது கண்ணில் பட்டாலும் நேரம் குறிக்கிற பழக்கம் உண்டு. அந்த விளக்கு என் மேசையிலிருந்து நேராகத் தெரியும். மே மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாம் தேதியும் கடைசித் தேதியும், அது எவ்வளவு நேரம் விடாமல் எரிகிறது என்று பேருந்துப் பதிவின் ஓரத்தில் எழுதியிருந்தேன். பதிமூன்றாம் தேதி காலை, இரண்டாம் தேதிக் கணக்கை மட்டும் ஒரு தாளில் வரிசையாக எழுதி வலைக்கு அடியில் தள்ளினேன்.

"என்னண்ணே இது, லேட் பஸ் லிஸ்ட்டா?"

"உங்க மெஷின்தான் லேட் பஸ். படிச்சுப் பாருங்க."

அக்கா வாய்விட்டுப் படித்தார். "மே, ஒம்போது நிமிஷம். ஜூன், பத்தொம்போது. ஜூலை, முப்பத்தெட்டு. ஆகஸ்ட், ஒரு மணி பதினேழு. செப்டம்பர், ரெண்டு மணி முப்பத்து நாலு. அக்டோபர், அஞ்சு மணி ஒம்போது."

"மாசத்துக்கு மாசம் ரெட்டிப்பு ஆகுது. ஆனா நடு மாசத்துல கூடறதே இல்லை. மாசக் கடைசிக்கும் ரெண்டாந்தேதிக்கும் நடுவுலதான் ஒரே தாவு. பஸ் இப்படி லேட்டானா நான் டிரைவரைக் கேப்பேன். இதுக்கு நீங்கதானே டிரைவர்? ஒண்ணாந்தேதி என்ன பண்றீங்க?"

"ஒண்ணாந்தேதியா? வருவேன். தட்டெல்லாம் துடைப்பேன். போன மாசச் சீட்டைக் கட்டி வைப்பேன். அப்புறம் கம்ப்யூட்டர்ல இருக்கறதையெல்லாம் பத்திரம் பண்ணுவேன்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். தாளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பொருட்கள் என்று பெயரிட்ட ஃபோல்டரைத் திறந்தார். அது திறக்க ஆறு நிமிடம் ஆனது. பொருட்களின் படங்களுக்குப் பக்கத்தில் ஒன்பது ஃபோல்டர்கள்: பத்திரம் பிப்ரவரி, பத்திரம் மார்ச் என்று அக்டோபர் வரை. அக்டோபரைத் திறந்தார். உள்ளே எல்லாப் படங்களும், அவற்றோடு பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை எட்டுப் பத்திரங்களும். செப்டம்பரைத் திறந்தார். மறுபடி எல்லாப் படங்களும், ஏழு பத்திரங்களும்.

"அண்ணே, கதவைத் திறந்தா உள்ளே இதே ரூம் இருக்கு. அதுக்குள்ளே போனா மறுபடி இதே ரூம்."

முதலில் அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று நான் எழுந்துவிட்டேன். அழவில்லை. சிரிப்பு சத்தமாக வெளியே வர இன்னும் சில விநாடி ஆனது. வந்தபின் நிற்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஆறாம் எண் பேருந்தின் நெட்டைக் கண்டக்டர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"என்னக்கா, யாராவது சிரிப்பை பஸ்ல விட்டுட்டுப் போயிட்டாங்களா?"

"நான்தாம்பா குற்றவாளி! நானே குற்றவாளி!"

நடந்தது இதுதான். பயிற்சியில் வாத்தியார், "மாசம் ஒரு தடவை எல்லாத்தையும் ஒரு காப்பி எடுத்துப் பத்திரமா வையுங்க, இல்லேன்னா எல்லாம் தொலைஞ்சு போயிடும்" என்று சொல்லியிருந்தார். தொலைந்து போகும் என்ற சொல்லை அக்காவிடம் சொல்லியிருக்கவே கூடாது. அவர் ஒன்றாம் தேதி தவறாமல், ஃபோல்டரில் இருப்பது அனைத்தையும் தேர்ந்தெடுத்து, புதிதாக ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள் காப்பி எடுத்தார். ஆனால் அந்தப் புது ஃபோல்டரை அதே இடத்தில் போட்டார். அடுத்த மாதம் எல்லாவற்றையும் காப்பி எடுக்கும்போது போன மாதக் காப்பியும் சேர்ந்தே காப்பியானது.

"வேற இடத்துல வைக்கலாமே, ஏம்மா உள்ளேயே வெச்சீங்க?"

"நாலாம் நம்பர் விதி என்னண்ணே சொல்லுது? உள்ளே வந்தது வெளியே போகக் கூடாதுன்னுதானே? அதான் உள்ளேயே வெச்சேன்!"

நான் தாளில் போட்டுப் பார்த்தேன். ஜனவரியில் வந்த ஒவ்வொரு பொருளும் இப்போது ஐந்நூற்றுப் பன்னிரண்டு தடவை உள்ளே இருந்தது. நெட்டைக் கண்டக்டர் அதைக் கேட்டுவிட்டு, "ஒரு குடைக்கு ஐந்நூத்திப் பன்னெண்டா? மழைக்காலத்துல வாடகைக்கு விட்டிருக்கலாமேக்கா!" என்றார்.

சிரித்து முடிந்ததும் அக்காவின் முகம் மாறியது. மறுநாள் அதிகாரி வருகிறார். காப்பிகளை நீக்க வேண்டும். நீக்கு என்ற பொத்தானை அவர் அந்த ஒன்பது மாதமும் ஒரு தடவை கூட அழுத்தியதில்லை.

விளக்கு அணையும் வரை, மதியம் ஒன்று முப்பத்தொன்பது வரை, காத்திருந்தோம். கம்ப்யூட்டர் வந்தபிறகும் அக்கா நோட்டுப் புத்தகத்தை விடவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மேசை இழுப்பறையில் மறைத்து வைத்திருந்தார். நோட்டில் அந்த ஆண்டின் கடைசி எண் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு. அதை நான்கால் பெருக்கினால் பதினோராயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு. வெளியே இருந்த படங்களைக் கம்ப்யூட்டர் எண்ணிச் சொன்னது: பதினோராயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டு. பத்திரங்களோடு சேர்த்து எண்ணினால் பன்னிரண்டு லட்சத்து எழுபத்தோராயிரத்து நானூற்று முப்பத்திரண்டு.

"வெளியே இருக்கறது அசல், சரியா இருக்கு. மத்ததை நீக்கலாம்" என்றேன்.

"அதுக்கு முன்னாடி ஒரே ஒரு காப்பி, வெளியே எடுத்து வைக்கணும்ணே. வாத்தியார் சொன்னது தப்பில்லையே. நான் வெச்ச இடம்தானே தப்பு?"

அதற்கு ஒரு பென் டிரைவ் வேண்டும். அறையில் பதினான்கு பென் டிரைவ்கள் உரியவர் வராமல் கிடந்தன. ஒன்றை எடுத்துக்கொள்ளலாமே என்று நெட்டைக் கண்டக்டர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அக்கா பார்த்த பார்வையில் அவரே ஓடிப்போய்க் கடையில் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். காப்பி ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. அக்கா அதை உறையில் போட்டு ஒட்டி மேனேஜரின் பீரோவில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஒன்பது பத்திரங்களையும் தேர்ந்தெடுத்தாயிற்று. நிரந்தரமாக நீக்கவா என்று திரை கேட்டது. அக்கா மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க அழுத்துங்கண்ணே."

"அறை உங்களோடதும்மா."

"என் கையால இதுவரைக்கும் ஒரு பொத்தானைக் கூட குப்பையில போட்டதில்லை. சட்டைப் பொத்தானைச் சொல்றேன். அறுபத்து மூணு பொத்தான் டப்பாவுல இருக்கு."

"இதெல்லாம் யாரும் தொலைச்சது இல்லையேம்மா. யாரும் கேட்டும் வரப் போறதில்லை."

அக்கா மறுபடி மவுஸைப் பிடித்தார். "ஆமா. இதுக்கு உரியவரே கிடையாது" என்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டு அழுத்தினார்.

ஒரு பச்சைப் பட்டை எறும்பு வேகத்தில் நகர ஆரம்பித்தது. நீங்கும் படங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் ஓடின.

"ஐயோ, நீலக் கூடை போகுதுண்ணே!"

"அது காப்பிம்மா."

"மறுபடியும் போகுது!"

"அதுவும் காப்பி."

"அந்த ஹார்மோனியம்... அந்தப் பொண்ணு வந்து வாங்கிட்டுப் போனப்போ எவ்வளவு அழுதா தெரியுமா?"

இப்படியே நான்கு மணி நேரம். நடுவில் பேருந்துகளும் வந்துகொண்டிருந்தன. நான் எழுதிக்கொண்டே கேட்டேன். பொருள் கேட்டு வந்த மூன்று பேரை அக்கா மறுநாள் வரச் சொன்னார். அவரது பதினேழு வருடத்தில் அப்படிச் சொன்னது அன்று மட்டும்தான். மாலை ஆறு பன்னிரண்டுக்குப் பட்டை முடிந்தது. ஆரஞ்சு விளக்கு இரண்டு தடவை சிமிட்டிவிட்டு அணைந்தது. மேனேஜர் வந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா, செத்துப் போச்சா?" என்றார். அக்கா எதையோ தட்டினார். தட்டிய விரலை எடுப்பதற்குள் படம் வந்து நின்றது. மேனேஜர் தாமே நாற்காலியில் உட்கார்ந்து, குடை, பை, செருப்பு என்று ஒவ்வொன்றாகத் தேடிக் குழந்தைபோல விளையாட ஆரம்பித்துவிட்டார். அவரை எழுப்பி அறையைப் பூட்டுவது பெரும்பாடாகிவிட்டது.

பதினான்காம் தேதி காலை எட்டரைக்கு அக்கா கம்ப்யூட்டரை ஆன் செய்தார். வைரஸ் சோதனை இரண்டு நிமிடம் ஐம்பது விநாடியில் முடிந்தது. அதிகாரி பத்து ஐந்துக்கு வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. கையில் ஸ்டாப் வாட்ச், மடியில் படிவம். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் இருக்கறதைக் கண்டுக்காதீங்க. வழக்கம்போல நடத்துங்க."

நடத்த யாரும் வரவில்லை. பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. முந்தைய நாள் திரும்பிப் போன மூவரும்கூடக் காணோம். அந்த நிலையத்தில் அப்படி ஒரு காலைப் பொழுதை நான் கண்டதில்லை. யாரும் எதையும் தொலைக்கவில்லை. பதினொன்றே காலுக்குக் கிளம்பும் பேருந்தில் போக வேண்டும் என்று அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். புகார்களை வைத்தே அறிக்கை எழுதிவிடுவேன் என்றார். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பயணிகளைப் பார்த்த பார்வை, யாராவது கையிலிருப்பதைக் கீழே போட மாட்டார்களா என்பதுபோல இருந்தது. நெட்டைக் கண்டக்டர் தம் தொப்பியைக் கழற்றி மறைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

"அக்கா, என் தொப்பியைக் காணோம்."

"உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கே, அதுவா?" என்று கேட்டது அதிகாரி. கண்டக்டர் வந்த வழியே போனார்.

பதினொன்று நான்குக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் எழுபது வயதிருப்பார். வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். மற்றவர் அவருடைய மருமகள்.

"அத்தையோட பல் செட் போயிடுச்சுங்க. ஒம்போது நாள் ஆச்சு. தும்மினாங்க, எங்கேயோ விழுந்துடுச்சு. இறங்கினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது."

"கிடைச்சிடும்" என்றார் அக்கா. அதிகாரி ஸ்டாப் வாட்சை அழுத்தினார்.

அக்கா பல் என்று அடித்தார். உடனே திரையில் மூன்று பல் செட்டுகள், செட்டுக்கு நான்காகப் பன்னிரண்டு படங்கள். முன்னாலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி சிரித்தன. மருமகள் குழம்பி, "எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு அத்தை" என்றார். மாமியார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரைக்கு அருகே வந்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போய், மூன்றாவது செட்டின் அடிப்பக்கப் படத்தில், கடைவாயில் இருந்த ஒரு கீறலின் மேல் விரலை வைத்து, மற்றக் கையால் தம் கன்னத்தைத் தட்டினார். சீட்டு அச்சானதும் அக்கா உள்ளே போய், கொதித்து ஆறிய தண்ணீரில் கழுவி மூடி வைத்திருந்த டப்பாவை எடுத்து வந்தார். கையெழுத்தும் முடிந்தது. அதிகாரி வாட்சை நிறுத்தினார். ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி. என் கடிகாரமும் அதையே காட்டியது.

மாமியார் சுவர்ப்பக்கம் திரும்பிப் பல்லைப் பொருத்திக்கொண்டார். மருமகள் ஜன்னலில் குனிந்து, "இன்னும் ரெண்டு நாள் மெதுவாத் தேடியிருக்கலாமேக்கா! வீடு அவ்வளவு அமைதியா இருந்தது" என்று கிசுகிசுத்தார்.

"காது எனக்குத் தொலையலைடி" என்றார் மாமியார், திரும்பாமலே. ஒன்பது நாளுக்குப் பிறகு அவர் தெளிவாகப் பேசிய முதல் வாக்கியம் அது. "ஒம்போது நாள் நீ சொன்னதுக்கெல்லாம் பதில் சேர்த்து வெச்சிருக்கேன். பஸ்ல போகும்போது ஒண்ணொண்ணா சொல்றேன், வா."

மருமகள்தான் முதலில் சிரித்தது. பிறகு அவரும் இவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரி படிவத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார், படிவம் ஆடியது. பதினொன்றே கால் பேருந்து அவர் இல்லாமலே கிளம்பியது. அதற்குள் வரிசையில் இன்னும் நான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். அதிகாரி நால்வருக்கும் நேரம் பார்த்தார். ஒருவருக்குக்கூட இரண்டரை நிமிடத்துக்குமேல் ஆகவில்லை.

அக்கா சொன்ன காப்பிக் கதையையும் படிவத்தில் எழுதிக்கொண்டு போகும்போது அவர் கேட்டார்: "பல்லை அடியிலிருந்து படம் எடுக்கணும்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலைங்க. கடிக்கிற பக்கம் தானே அவங்களுக்குத் தெரியும்?"

இருபத்திரண்டாம் தேதி காலை பதினொன்று நாற்பதுக்கு மேனேஜர் ஒரு கடிதத்தோடு ஓடி வந்தார். ஜன்னலில் அப்போது ஒரு சிறுமியும் அவளுடைய அப்பாவும் ஒற்றைக் கையுறைக்காக நின்றிருந்தார்கள்.

"இதைக் கேளும்மா முதல்ல!"

"செத்த இருங்க சார். அவங்க முதல்ல வந்தாங்க."

மேனேஜர் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். கையுறை கிடைத்து, சிறுமி அதைப் போட்டுப் பார்த்து, அப்பா கையெழுத்துப் போட்டு, இருவரும் போனபிறகுதான் அவருக்கு முறை வந்தது. அறை மூடப்படாது. இனி எல்லா நிலையங்களிலும் பொருளுக்கு நான்கு படம் எடுக்க வேண்டும். காப்பியை எங்கே வைக்க வேண்டும் என்பதையும் பயிற்சியில் சொல்லித் தர வேண்டும். அந்த வகுப்பை நடத்த மாதம் ஒரு நாள் அறையைக் கவனிப்பவரை அனுப்பி வைக்கவும்.

அக்கா அதை மூன்று தடவை படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை நெட்டைக் கண்டக்டர், கணவர், பழக்கடைக்காரர் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள். கணவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை. ஆனாலும் கடிதத்தை வாங்கி, படிப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

"தலைகீழா பிடிச்சிருக்கீங்க" என்றார் அக்கா.

"அதனால என்ன? நல்ல விஷயம் எப்படிப் பிடிச்சாலும் நல்ல விஷயம்தானே?"

அன்று பதினொன்று ஐம்பத்திரண்டுக்குக் கிளம்ப வேண்டிய ஆறாம் எண் பேருந்து நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. அறை தப்பியதற்கு அக்கா வாங்கித் தந்த தேநீரைக் கண்டக்டர் குடித்து முடிக்கவில்லை. காரணம் எழுதும் கட்டத்தில் அதையே எழுதினேன்.